கெகரேட்டர்: வீட்டில் வைக்கும் இடமும் விருந்துக்கு நகர்த்தும் முறையும்

கெகரேட்டர் என்பது பீர் பீப்பாயைக் குளிர்ந்த நிலையில் வைத்து, வாயு அழுத்தத்தின் உதவியால் குழாய் வழியாகக் கோப்பையில் ஊற்றித் தரும் குளிர்பெட்டி ஆகும். சிறு பீப்பாயைக் குறிக்கும் ‘கெக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘ரெஃப்ரிஜிரேட்டர்’ என்ற சொல்லும் இணைந்து இப்பெயர் உருவானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டிலேயே பீர் வடிப்போரும், பீப்பாயாக வாங்கிப் பயன்படுத்துவோரும் இதனை வைத்திருக்கின்றனர். பீர் தவிர சோடா நீர், குளிர்காப்பி, கொம்புச்சா போன்ற பானங்களுக்கும் இது பயன்படுகிறது.

பார்வைக்கு இது சாதாரண ஃபிரிட்ஜ் போலவே இருக்கும். ஆனால் மூன்று வகைகளில் வேறுபட்டது. உள்ளே உயர் அழுத்த வாயு உருளை இருக்கிறது. நிரம்பிய பீப்பாயின் எடை 70 கிலோவைத் தாண்டக்கூடும். வெப்பநிலை சில பாகை மாறினாலே பானம் நுரையாகக் கொட்டும். எனவே இதை எங்கே வைப்பது, எப்படி நகர்த்துவது என்பவை வசதியை மட்டும் சார்ந்த கேள்விகள் அல்ல. அதே வீட்டில் உறங்குவோரின் உயிர்ப் பாதுகாப்பும் அவற்றில் அடங்கியுள்ளது.

அமைப்பு

கெகரேட்டரின் முக்கியப் பகுதிகள் பின்வருமாறு:

1. குளிர்பெட்டி. கம்ப்ரசர், வெப்பநிலைக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கொண்டது.
2. பீப்பாய். துருப்பிடிக்காத எஃகால் ஆனது.
3. கார்பன் டை ஆக்சைடு உருளை. வீடுகளில் பெரும்பாலும் 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.3 கிலோ வாயு கொள்ளும் அலுமினிய உருளை பயன்படுகிறது.
4. ரெகுலேட்டர். உருளையின் மிகுந்த அழுத்தத்தைப் பீப்பாய்க்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கிறது.
5. இணைப்பி. பீப்பாயின் வாயில் பொருந்தி, வாயுவை உள்ளே விட்டுப் பானத்தை வெளியே எடுக்கிறது.
6. பானக் குழாயும், பெட்டியின் மேல் நிற்கும் தூணும், அதன் திறப்புக் குழாயும்.

வாயு பீப்பாயின் மேற்பகுதியில் புகுந்து பானத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட பானம் நடுவிலுள்ள நீண்ட குழல் வழியே மேலேறி வெளிவருகிறது. காற்று உள்ளே செல்லாததால் பானம் பல வாரங்கள் கெடாமல் இருக்கும்.

பின்னணி

அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு நீண்ட காலம் வீட்டில் பீர் வடிப்பது கூட்டரசுச் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதனை அனுமதித்தது. இதன்படி வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கேலனும் சொந்தப் பயனுக்கு வடிக்கலாம், விற்கக் கூடாது. மாநிலங்கள் தனித்தனியே அனுமதி அளித்தன. அலபாமாவும் மிசிசிப்பியும் கடைசியாக 2013இல் அனுமதித்தன.

குளிர்பானக் கடைகளில் சர்க்கரைப்பாகு அடைத்துவந்த 5 கேலன் எஃகுக் கலங்களும் வீட்டுப் பயன்பாடு பெருகக் காரணமாயின. குளிர்பான நிறுவனங்கள் அட்டைப்பெட்டிக்குள் வைக்கும் நெகிழிப் பைகளுக்கு மாறியபோது, இக்கலங்கள் பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ‘கார்னீலியஸ் கெக்’ எனப்படும் அவையே இன்றும் வீட்டில் வடிப்போரிடம் மிகுதியாக உள்ளன.

பீப்பாய் அளவுகள்

இடத்தைத் தீர்மானிக்கும் முன் பீப்பாயின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கிலுள்ளவை:

அரைப் பீப்பாய்: 58.7 லிட்டர், நிரம்பிய எடை ஏறத்தாழ 73 கிலோ.
கால் பீப்பாய்: 29.3 லிட்டர், ஏறத்தாழ 39 கிலோ.
ஆறில் ஒரு பீப்பாய்: 19.5 லிட்டர், ஏறத்தாழ 26 கிலோ.
கார்னீலியஸ் கெக்: 18.9 லிட்டர், ஏறத்தாழ 23 கிலோ.

அரைப் பீப்பாயில் 355 மில்லிலிட்டர் அளவில் 165 கோப்பைகளும், ஆறில் ஒரு பீப்பாயில் 55 கோப்பைகளும் கிடைக்கும். முதலாவதை ஒருவர் தனியே தூக்க முயல்வது முதுகெலும்புக்கு ஆபத்து. கடைசி இரண்டையும் இருவர் எளிதாகத் தூக்கலாம். அடிக்கடி விருந்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் சிறிய பீப்பாயைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

குளிரும் அழுத்தமும்

ஒரு நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு, அதன்மேல் அந்த வாயு செலுத்தும் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஹென்றி விதி. வெப்பநிலை கூடினால் கரையும் அளவு குறையும். வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் பொங்கி வழிவதும், குளிரவைத்த சோடா அடங்கி நிற்பதும் இதனால்தான்.

பெரும்பாலான பீர் வகைகளுக்கு 3 பாகை செல்சியஸ் அளவில், சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தம் போதும். அந்நிலையில் ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். அதே அளவு வாயுவை 10 பாகையில் கரைந்த நிலையில் நிறுத்த, 18 அல்லது 19 பவுண்டு அழுத்தம் வேண்டும். பெட்டி சூடான இடத்தில் நின்று உட்புறம் போதிய அளவு குளிராவிட்டால், 12 பவுண்டு அழுத்தத்தால் வாயுவைப் பிடித்துவைக்க முடியாது. அது குழாயிலேயே பிரிந்து நுரையாகும். ‘முதல் கோப்பை முழுவதும் நுரை’ என்ற பொதுவான குறைக்கு, மேலே நிற்கும் தூண் அறையின் வெப்பத்தில் சூடாகியிருப்பதே பெரும்பாலும் காரணம். குளிர்ந்த காற்றைப் பெட்டியிலிருந்து தூணுக்குள் செலுத்தும் சிறு விசிறி இதைக் குறைக்கும்.

வைக்கும் இடத்துக்கான பொது விதிகள்

காற்றிடைவெளி: கம்ப்ரசர் வெளியேற்றும் வெப்பம் விலகிச் செல்ல வேண்டும். தனித்து நிற்கும் வகைப் பெட்டிக்குப் பின்புறமும் பக்கங்களிலும் கையேட்டில் குறிப்பிட்ட இடைவெளி விட வேண்டும். அலமாரிக்குள் பொருத்துவதற்கென்றே தயாரான, முன்புறம் வெப்பத்தை வெளியிடும் வகையை மட்டுமே மரச்சட்டங்களுக்குள் அடைத்து வைக்கலாம்.

வெப்பம்: நேர் வெயில், அடுப்பு, உலர்த்தும் இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. குளிர்பெட்டிகள் எந்தச் சூழலுக்கு ஏற்றவை என்பதைக் காட்டக் காலநிலை வகுப்புகள் உண்டு. ‘என்’ வகுப்புப் பெட்டி 16 முதல் 32 பாகை வரையும், ‘டி’ வகுப்புப் பெட்டி 16 முதல் 43 பாகை வரையும் உள்ள சூழலுக்கு உரியது.

மின்சாரம்: சுவரிலுள்ள மின்செருகியில் நேரடியாக இணைக்க வேண்டும். நீட்டிப்புக் கம்பி கம்ப்ரசர் தொடங்கும்போது சூடாகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு.

தளம்: பெட்டி, நிரம்பிய அரைப் பீப்பாய், உருளை மூன்றும் சேர்ந்து 120 கிலோவை நெருங்கும். இந்த எடை நான்கு சிறு சக்கரங்களில் இறங்குவதால், வினைல் தளத்திலும் மென்மரத் தளத்திலும் பள்ளம் விழும். அடியில் ஒட்டுப்பலகை விரித்தால் எடை பரவும். தளம் சமமாக இல்லையெனில் கதவு சரியாக மூடாது.

வீட்டின் வெவ்வேறு பகுதிகள்

சமையலறை, கூடம்: ஆண்டு முழுவதும் சீரான வெப்பநிலை, நல்ல காற்றோட்டம், எப்போதும் ஆள் நடமாட்டம் ஆகியவற்றால் பாதுகாப்பில் இவையே முதலிடம் பெறுகின்றன. கம்ப்ரசர் ஓசையும் இடநெருக்கடியும் குறைகள். சிறுவர்கள் உள்ள வீட்டில் திறப்புக் குழாய்க்குப் பூட்டு அவசியம்.

நிலவறை: அமெரிக்க வீடுகளில் பலரும் விரும்பும் இடம் இதுவே. கோடையிலும் குளிர்ச்சி, உறுதியான சிமென்ட் தளம், தண்ணீர் வடியும் வசதி எனப் பல நன்மைகள் உண்டு. ஆனால் காற்றோட்டம் குறைவு. படிக்கட்டில் பீப்பாயை ஏற்றியிறக்க வேண்டும். வாயுக் கசிவு ஏற்பட்டால் மிகவும் ஆபத்தான இடமும் இதுவே.

கார் நிறுத்தும் அறை: விருந்துக்கு எடுத்துச் செல்வது இங்கிருந்து எளிது. ஆனால் கோடையில் அறை கடுமையாகச் சூடாகும். கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். வடமாநிலங்களின் குளிர்காலத்தில் எதிர்ச்சிக்கல் எழும். அறையே உறைநிலைக்குக் கீழே போனால் பெட்டிக்குச் சூடேற்றும் திறன் இல்லை. ஏறத்தாழ உறைநிலைக்கு 2 பாகை கீழே சாதாரண பீர் உறையத் தொடங்கும். இவ்வறையின் மின்செருகிகளில் மின்கசிவின்போது தானே துண்டிக்கும் அமைப்பு இருப்பது அமெரிக்க மின்விதிகளின் தேவை. அது துண்டித்துவிட்டால் யாரும் கவனிக்காமலேயே பீப்பாய் முழுவதும் சூடாகிவிடும். எனவே பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்து அவ்வப்போது பார்ப்பது நல்லது.

வெளிமுற்றம்: மழையையும் வெயிலையும் தாங்குமாறு வெளிப்புறப் பயன்பாட்டுக்கெனத் தயாரான பெட்டியை மட்டுமே நிலையாக வைக்கலாம்.

படுக்கையறை, கதவு மூடிய சிறு அறை, மாடிப்படிக்கு அடியிலுள்ள அடைப்பு: இவற்றில் வைக்கவே கூடாது. காரணம் அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

கார்பன் டை ஆக்சைடு: கவனிக்கப்படாத ஆபத்து

இந்த வாயுவுக்கு நிறமில்லை. குறைந்த செறிவில் மணமும் இல்லை. மூலக்கூறு எடை 44 என்பதால், சராசரி 29 கொண்ட காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

ஒரு சிறு கணக்கால் ஆபத்தின் அளவை அறியலாம். 5 பவுண்டு உருளையில் 2,270 கிராம் வாயு இருக்கிறது. அதை 44ஆல் வகுத்தால் ஏறத்தாழ 51.6 மோல். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் இடத்தை அடைக்கும். எனவே உருளை முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ 1,240 லிட்டர் வாயு வெளிவரும்.

3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 22,500 லிட்டர். முழுவதும் அடைத்த அறையில் அந்த வாயு சீராகப் பரவினால் செறிவு 5 விழுக்காட்டைத் தாண்டும். இயல்பான காற்றில் இது 0.04 விழுக்காடு மட்டுமே. அமெரிக்கத் தொழிலிடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.5 விழுக்காடு, உயிருக்கு உடனடி ஆபத்து என வகுத்திருக்கும் அளவு 4 விழுக்காடு. கனமான வாயு தரையருகே தேங்குவதால், தரையில் படுத்திருப்பவரும் தவழும் குழந்தையும் வளர்ப்பு நாயும் இன்னும் மிகுந்த செறிவைச் சுவாசிக்க நேரிடும்.

காரின் உட்புறம் சுமார் 3,000 லிட்டர் மட்டுமே. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓடும் காரில் இதே உருளை வேகமாகக் கசிந்தால், செறிவு மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். 10 விழுக்காட்டுக்கு மேலேயே மனிதர் சில நிமிடங்களில் நினைவிழப்பர்.

தலைவலி, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், குழப்பம் ஆகியவை முதல் அறிகுறிகள். நிலவறைக்குச் சென்றவர் காரணமின்றி மூச்சு வாங்குவதாக உணர்ந்தால் உடனே வெளியேற வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால், அவரைக் காக்க ஓடும் அடுத்தவரும் மயங்கி விழுவார். கதவு, சன்னல்களை வெளியிலிருந்து திறந்துவிட்டு அவசர உதவியை அழைப்பதே சரியான செயல். அமெரிக்காவில் அவ்வெண் 911.

முன்னெச்சரிக்கைகள்:

1. கார்பன் டை ஆக்சைடுக்கான எச்சரிக்கை மணியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் பொருத்த வேண்டும். வீடுகளில் வழக்கமாக இருக்கும் கார்பன் மோனாக்சைடு மணி இந்த வாயுவை உணராது. பெயர் ஒத்திருப்பதால் பலர் இதில் ஏமாறுகின்றனர்.
2. உருளையை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.
3. பல நாள் பயன்படுத்தாதபோது உருளையின் வால்வை மூடிவைக்க வேண்டும்.
4. உருளை எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தால் நீர்ம நிலையிலுள்ள வாயு ரெகுலேட்டருக்குள் பாயும்.

உருளைக்குள் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை அழுத்தமானி காட்டாது. உள்ளே நீர்மமும் வாயுவும் சேர்ந்திருப்பதால், கடைசித் துளி நீர்மம் தீரும்வரை அழுத்தம் மாறாது. வெப்பநிலையால் மட்டுமே மாறும்: 21 பாகையில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 850 பவுண்டு காட்டும் அதே உருளை, குளிர்பெட்டிக்குள் சுமார் 550 காட்டும். இதைக் கண்டு வாயு கசிந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையைப் போலவே, இதிலும் எடைபோட்டுத்தான் மீதத்தை அறிய முடியும். வெற்று எடை உருளையின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும்.

விருந்துக்காக நகர்த்துதல்

பெட்டியை அதே தளத்தில் அடுத்த அறைக்கு உருட்டுவது எளிது. படிக்கட்டில் இறக்குவதும் வண்டியில் ஏற்றுவதும் கடினம். பீப்பாயை உள்ளே வைத்தபடி நகர்த்தினால் எடை கூடும். தூண் மேலே நிற்பதால் பெட்டி எளிதில் கவிழும். குலுங்கிய பானம் நுரையாக வரும். எனவே கீழ்க்காணும் வரிசையில் செய்ய வேண்டும்.

1. உருளையின் வால்வை முதலில் மூட வேண்டும்.
2. பீப்பாயிலிருந்து இணைப்பியைக் கழற்ற வேண்டும்.
3. குழாயில் தங்கிய பானத்தையும் வாயுவையும் வெளியேற்றி, குழாயை நீரால் கழுவ வேண்டும்.
4. ரெகுலேட்டரைக் கழற்றி, உருளையைத் தனியே எடுக்க வேண்டும்.
5. பீப்பாயை இருவர் சேர்ந்து வெளியே எடுக்க வேண்டும்.
6. தூணைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கதவை நாடாவால் ஒட்ட வேண்டும்.
7. வெற்றுப் பெட்டியைத் தள்ளுவண்டியில் பட்டையால் கட்டி, நிமிர்ந்த நிலையிலேயே கொண்டு செல்ல வேண்டும்.

பெட்டியைப் படுக்கவைத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குளிரூட்டும் குழாய்களுக்குள் சென்றுவிடும். அவ்வாறு படுக்கவைக்க நேர்ந்தால், நிமிர்த்திய பின் ஒரு நாள் கழித்தே மின் இணைப்புத் தர வேண்டும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் எரியும் தன்மையுள்ள ஐசோபியூட்டேன் இருப்பதால், பின்புறக் குழாய்கள் நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயு உருளையைக் காரில் கொண்டு செல்லும்போது நிமிர்த்திக் கட்டி, சன்னலைத் திறந்துவைக்க வேண்டும். நிறுத்திய காரில் விட்டுச் செல்லக் கூடாது. 31 பாகைக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு நீர்மமாக இருக்க முடியாது. வெயிலில் நிற்கும் காரில் அழுத்தம் வேகமாக உயரும். அளவு மீறி நிரப்பிய உருளையானால் பாதுகாப்புத் தகடு உடைந்து வாயு முழுவதும் வெளியேறும்.

புதிய இடத்தில் பெட்டி குளிர்ந்து, பீப்பாய் அசையாமல் சில மணி நேரம் நின்ற பிறகே ஊற்றத் தொடங்க வேண்டும். முந்தைய நாளே நகர்த்தி முடிப்பது நல்லது.

பெட்டியை நகர்த்தாமல் விருந்து நடத்துதல்

பெரும்பாலான விருந்துகளுக்குப் பெட்டியை நகர்த்தவே தேவையில்லை. பீப்பாயை மட்டும் கொண்டு செல்லலாம்.

பனித்தொட்டியும் கைப்பம்பும்: பீப்பாயைத் தொட்டியில் வைத்து ஐஸ் நிரப்பி, மேலே தண்ணீரும் ஊற்ற வேண்டும். ஐஸ் மட்டும் போட்டால் இடையிடையே காற்று நின்று குளிர்ச்சி சரியாகச் சேராது. தண்ணீர் பீப்பாயின் சுவர் முழுவதையும் தொடும். கைப்பம்பு உள்ளே காற்றைச் செலுத்துவதால் ஆக்சிஜன் பட்டுப் பீர் சுவை கெடும். ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும் பீப்பாய்க்கே இம்முறை ஏற்றது.

சுருள்குழாய்ப் பெட்டி: ‘ஜாக்கி பாக்ஸ்’ எனப்படும் இது, உள்ளே நீண்ட எஃகுச் சுருள்குழாய் பொருத்திய பனிப்பெட்டி. பானம் ஐஸ் நீரில் மூழ்கிய சுருள் வழியே ஓடும்போதே குளிர்ந்துவிடும். சுருளின் நீளம் ஓட்டத்தைத் தடுப்பதால் 25 முதல் 30 பவுண்டு அழுத்தம் தேவை. திறந்தவெளி விருந்துக்கு இதுவே சிறந்தது.

மூடிக் குடுவைகள்: ‘குரோலர்’ எனப்படும் ஏறத்தாழ 1.9 லிட்டர் குடுவைகளில் வீட்டிலேயே நிரப்பி எடுத்துச் செல்லலாம். சிறு கூட்டத்துக்கு இது போதும்.

சட்டமும் பொறுப்பும்

அமெரிக்காவில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. பல மாநிலங்களில் விற்கும் பீப்பாய்க்கு எண் இட்டு, வாங்குபவரின் விவரத்தைப் பதிகின்றனர். பயணிகள் அமரும் பகுதியில் திறந்த மதுக்கலம் இருப்பதையும் பெரும்பாலான மாநிலங்கள் தடைசெய்கின்றன. பீப்பாயை வண்டியின் பின்பகுதியில், இணைப்பி கழற்றிய நிலையில் கொண்டு செல்வது பாதுகாப்பானது. வயது குறைந்தோருக்கு மது கிடைக்கச் செய்தால், விருந்து அளித்தவரே பொறுப்பாளியாகும் நிலை பல மாநிலங்களில் உள்ளது.

புட்டியில் பரிமாறினால் ஒருவர் எத்தனை குடித்தார் என்று எண்ணலாம். குழாயில் அக்கணக்கு தெரியாது. ஆகவே குழாயருகே பொறுப்பான ஒருவர் நிற்பதும், வண்டி ஓட்டுவோர் குடிக்காமல் இருப்பதை உறுதிசெய்வதும் விருந்தளிப்பவரின் கடமையாகும்.

சுருக்கம்

கெகரேட்டரை ஆள் நடமாட்டமும் காற்றோட்டமும் சீரான வெப்பநிலையும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். நிலவறையில் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு எச்சரிக்கை மணி கட்டாயம். படுக்கையறையிலும் அடைத்த சிறு அறையிலும் வைக்கக் கூடாது. விருந்துக்குப் பெட்டியைவிடப் பீப்பாயை நகர்த்துவதே எளிது. எதை நகர்த்துவதானாலும் முதலில் உருளையின் வால்வை மூட வேண்டும்.